ஜன்னலைச் சாத்தாதே

2024 பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதனும் காதலர் தினமும் ஒரே நாளில் வந்து தொலைத்திருக்கின்றன. காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், எஃப்.எம்.மில் ஒரு பெண் ஹாப்பி வேலன்டைன்ஸ் என்று குழைகிறாள். இன்றிலிருந்து தவக்காலம். ஈஸ்டர் வரை தூத்துக்குடியில் எங்கள் ஆட்கள் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்யாணம் இல்லை என்றால் கேக் இல்லை. கேக் இல்லை என்றால் நான் ஆர்டர் எழுதும் இந்த டைரி காலியாகக் கிடக்கும். மனசில் கிடப்பதை இதில் எழுதித் தள்ளினால் என்ன? காகிதம் என் காசு.

எஃப்.எம். பெண் ‘ஜன்னலைச் சாத்தாதே’ போட்டாள். போடாமல் இருப்பாளா? எண்பத்து நான்கில் வந்த கேசட். சிலோன் ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டுக் கேட்டு வளர்ந்த நாலு பையன்கள் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துத் தமிழில் பாடியது. இங்கிருந்து நாகர்கோவில் வரை எந்தக் கல்யாண வரவேற்பிலும் கேக் வெட்டும் நேரத்துக்கு இந்தப் பாட்டுதான். நான் செய்த கேக்குக்குப் பக்கத்தில் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்று இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

பாடியவர் ரெமி வாஸ். ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் எட்டாம் தேதி நான் கட்டிக்கொள்ளப் போகிறவரும் அவரேதான். எனக்கு அறுபத்திரண்டு, அவருக்கு அறுபத்தாறு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பல் இருக்கிறவர்கள்.

அந்தப் பெண் அவருக்கே போன் போட்டுக் கேட்டாள். எவ்வளவு மென்மையான பாட்டு, சார், மேளம் அடிப்பதே தெரியாமல் அடித்திருக்கிறீர்களே, யார் சார் அந்தப் பெண் என்று. மனுஷன் சிரித்துக்கொண்டே, பெண்ணெல்லாம் இல்லை, எங்கள் பிராக்டிஸ் ரூமுக்கு எதிர்த்த வீட்டு ஜன்னல் என்று சொல்லிவிட்டார். என் கையிலிருந்த மாவுச் சல்லடை கீழே விழுந்தது.

பிராக்டிஸ் ரூம், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி மாடியில் இருந்தது ஊருக்கே தெரியும். அதற்கு எதிர்த்த வீடு செலஸ்டின் மோத்தா வீடு. அப்போது உயிரோடிருந்த என் வீட்டுக்காரரின் வீடு. இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

உடனே போன் போட்டேன். “நீரு அந்த வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீரோ?” என்றேன். ஜன்னல் என்றுதானே சொன்னேன், ஆளைச் சொல்லவில்லையே என்கிறார். அறுபத்தாறு வயசு!

எழுதியே வைக்கிறேன். அந்த ஜன்னலை நான் சாத்தித்தான் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 17, சனி

முந்திரி நல்லதாகக் கிடைத்தது என்று மக்ரூன் அடித்தேன். முதல் ஈடு அடுப்பிலேயே பிளந்துவிட்டது. கவனம் அதில் இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து ரெமி கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். செலஸ்டினுக்கு நான் மெழுகுவர்த்தி வைத்தேன். அவர் தன் மனைவி ஐரிஸுக்கு ஒன்று வைக்க இடம் தேடினார். அவள் மும்பையில் அல்லவா கிடக்கிறாள். ஹோட்டல் ஹோட்டலாக அங்கே பாடிச் சம்பாதித்து, ஐரிஸை அவள் கடைசி நோய்க்காலம் முழுதும் பக்கத்திலிருந்து பார்த்து, அடக்கம் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். செலஸ்டின் கல்லறையிலேயே இரண்டாவது மெழுகுவர்த்தியையும் வையும் என்றேன். வைத்தார்.

இந்தக் கல்யாணம் ஒரு துணைக்குத்தான். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் எடுத்துத் தர ஓர் ஆள். டெரன்ஸிடமும் ஜனவரியில் அப்படித்தான் சொன்னேன். என் ஒரே மகன், துறைமுகத்தில் வேலை, பெண்டாட்டி ரொசிட்டாவோடு அடுத்த தெருவில் இருக்கிறான். அவன் முகத்தைச் சுளித்தாலும், துணைக்குத்தானே, செய்யுங்கள் என்றுவிட்டான்.

ஆரஞ்சுக் கரை போட்ட வெள்ளைச் சேலை ஒன்று எடுத்தேன். பழசு கிழிந்துவிட்டது, அதனால்தான்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று முதல் ஓலை. கல்யாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பது எங்கள் சபை வழக்கம். இருபது வயசுப் பெண்கள் பெயர் வாசிக்கும்போது வெட்கப்பட்டுத் தலையைக் குனிவார்கள். எனக்குக் கழுத்து வலி, குனிய முடியாது. நிமிர்ந்தே இருந்தேன்.

‘காலஞ்சென்ற செலஸ்டின் மோத்தாவின் மனைவி பெர்பெத்துவா’ என்று ஃபாதர் ஆல்பின் வாசித்தபோது முன்பெஞ்சு முழுக்கத் திரும்பியது. நான் கேக் செய்து கொடுத்துக் கல்யாணம் முடித்த பெண்கள்தான் பாதிப்பேர்.

மத்தியானம் சோறு ஆறுவதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. எஃப்.எம். பேட்டியை எவனோ பிடித்து வைத்திருந்து, எதிர்த்த வீடு யார் வீடு என்று கேட்டுக் கீழே எங்கள் ஓலையைப் போட்டிருக்கிறான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. போகட்டும்.

மார்ச் 5, செவ்வாய்

டெரன்ஸ் வந்தான். உட்காரவில்லை. பாட்டு எண்பத்து நான்கு, நான் பிறந்ததும் எண்பத்து நான்கு என்று ஆரம்பித்தான். கணக்கில் கெட்டிக்காரன், அப்பாவைப் போல. அப்பா உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் உனக்குப் பாட்டு எழுதினானா, ஊரே அதைத் தெருவில் பாடியதா என்றான். தன் கல்யாணத்தில் அதே பாட்டுக்கு அப்பா மேடையில் நின்று கை தட்டினாரே, அவரைப் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டீர்களே என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

எனக்கு வலித்தது. ஆனால் வலித்தால் எனக்குக் கோபம்தான் வரும். அது என் சுபாவம். “உங்கப்பா கை தட்டுனாருல்லா? அவருக்கு இல்லாத ரோஷம் உனக்கு எங்கேருந்துலே வருது?” என்றேன்.

கல்யாணத்தை நிறுத்து என்றான். முடியாது என்றேன். அப்படியானால் நான் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்காக எடுத்து வைத்த மீன் குழம்பு அப்படியே இருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

ரெமி வந்தார். சாயங்காலம், தெருவே பார்க்க, வாசல் வழியாக. பின்பக்கமாக வாரேன் என்றவரை நான்தான் தடுத்தேன். நாம் என்ன திருடப் போகிறோமா?

டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். மும்பையில் ஒரு பெண்ணை நினைத்து எழுதினேன் என்று சொல்லிவிடுகிறாராம். அந்தக் காலத்தில் அங்கே ஒரு பார்சிப் பெண் இருந்தாள் என்றால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? டெரன்ஸும் அடங்கிவிடுவான், ஊரும் ஓயும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். மறைப்பது என்ன பெரிய விஷயமா? நாற்பது வருஷம் நான் செய்ததே அதுதானே. ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்தது வேறு, பொய் சொல்வது வேறு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது கேட்கிறார்கள்.

“அந்த பார்சிக்காரி பேரைச் சொன்னீருன்னா, அவளையே போய்க் கட்டிக்கிடும்,” என்றேன். சிரித்தார். அவர் சிரித்தால் கன்னத்தில் ஒரு கோடு விழும். அப்போதே விழும்.

ஒரு திருத்தம். ஜன்னலை முழுக்கச் சாத்தியிருந்தேன் என்று எழுதினேன். தூத்துக்குடி வெக்கையில் யாரால் முழுக்கச் சாத்த முடியும்? ஒரு விரற்கடை திறந்திருக்கும். காற்றுக்காக.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்தத் தடவை யாரும் திரும்பவில்லை. அதுதான் மோசம்.

பூசை முடிந்ததும் மிக்கேல் உபதேசியார் சாமியார் தங்கும் அறைவீட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். எண்பத்தைந்து வயசு, ஒரு காலத்தில் ஊருக்கே செப மந்திரம் சொல்லிக்கொடுத்தவர். டெரன்ஸ் கூடவே போனான். ரொசிட்டாவைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றாள், பிறகு சொன்னாள். சபையின் பழைய சட்டம் ஒன்று இருந்ததாம். கணவன் உயிரோடு இருக்கும்போதே பெண் வேறொருவனோடு தப்பு செய்து, பின்னால் கட்டிக்கொள்கிறோம் என்று இருவரும் வாக்குக் கொடுத்திருந்தால், கணவன் செத்த பிறகும் அவர்கள் கட்டிக்கொள்ள முடியாதாம். அந்த வாக்குக்கு உபதேசியார் வைத்திருக்கும் சாட்சி, பாட்டின் கடைசி வரி: ‘ஒரு நாள் வாசலில் நிற்பேன்.’

கேட்டதும் சிரித்துவிட்டேன். ஒரு காதல் பாட்டைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தப்பு செய்தாள் என்று சொன்னவன் என் பிள்ளை.

மார்ச் 12, செவ்வாய்

ஃபாதர் ஆல்பின் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பையன், பிள்ளைகளோடு பந்து விளையாடுவார். அந்தச் சட்டத்தை சபை எப்போதோ எடுத்துவிட்டது, அதை வைத்து யாரும் உங்களைத் தடுக்க முடியாது என்றார். பிறகு நாற்காலியில் நெளிந்தார். ஆனாலும் சொந்த மகனே எதிர்த்து நிற்கிறான், ஊர் பேசுகிறது, அந்தப் பாட்டு உங்களைப் பற்றியது இல்லை என்று எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் வாருங்கள், அதுவரை மூன்றாம் ஓலையை வாசிப்பதாக உறுதி சொல்ல முடியாது என்றார்.

தள்ளிவைத்த கல்யாணம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இந்த மாதம், அடுத்த மாதம் என்று போய், யாராவது ஒருவர் செத்தபிறகு முடியும். எங்கள் வயசில் அதற்கு நேரமில்லை.

மார்ச் 13, புதன்

செலஸ்டினை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவருக்குச் சங்கீதம் வராது. பூசைப் பாட்டிலேயே பக்கத்து ஆளின் சுருதியைக் கெடுப்பார். கேக் வெட்டப் பாட்டு ஆரம்பித்ததும் நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வேன். ஒரு கல்யாணத்தில், யார் கல்யாணம் என்று மறந்துவிட்டது, பக்கத்தில் வந்து காதோரம் சொன்னார்: “உனக்குத்தானே பாடுதான். கொஞ்சம் சிரிச்சா என்னவாம்?”

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவர் பிளேட்டில் கேக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாகும்வரை என்னை ஒரு நாள் சந்தேகமாகப் பார்த்ததும் இல்லை.

இதை வெள்ளிக்கிழமை சொன்னால் நான் ஜெயித்துவிடலாம். சொல்ல மாட்டேன். அது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. என் மானத்தைக் காப்பாற்ற செத்துப்போன மனுஷனை எதற்குச் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?

மார்ச் 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அறைவீட்டில் ஃபாதர் மேசைக்குப் பின்னால். உபதேசியார் நாற்காலியில். டெரன்ஸ் சுவரில் சாய்ந்து நின்றான், என்னைப் பார்க்கவில்லை. ரெமி வெள்ளைச் சட்டை போட்டுக் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல வந்திருந்தார்.

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டை முழுக்க வாசித்தார். பூசையில் நிருபம் வாசிக்கும் அதே குரலில்.

ஜன்னலைச் சாத்தாதே, காற்று உன்னிடம் ஒன்று சொல்லும்,
உறங்கும் நிலவை எழுப்ப மாட்டேன்,
ஒரு நாள் வாசலில் நிற்பேன்.

இது வாக்குறுதியா இல்லையா என்று கேட்டார். அந்தச் சட்டம் நான் பிறக்கும் முன்பே போய்விட்டது, தாத்தா என்று ஃபாதர் பொறுமையாகச் சொன்னார். சட்டம் போனால் பாவம் போய்விடுமா என்றார் கிழவர். ஃபாதர் ரெமியிடம் திரும்பி, இந்தப் பாட்டு இந்த அம்மாவைப் பற்றியதா, ஒரு வார்த்தை போதும் என்றார்.

ரெமி வாயைத் திறந்தார். இல்லை என்றுதான் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்காகச் சொல்லப் போகிறார். அப்படிச் சொல்லிக் கட்டிக்கொண்டால், மிச்சக் காலம் முழுக்க நாங்கள் ஒரு பொய்யின்மேல் பாய் விரித்துப் படுக்க வேண்டும்.

“அவரைக் கேக்காதீங்க சாமி. என்னைக் கேளுங்க. எனக்குத்தான் எழுதுனது,” என்றேன்.

டெரன்ஸ் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

அவனைப் பார்த்தே சொன்னேன். அந்தப் பையன்கள் முதலில் பாடியது இந்த மாதிரிப் பாட்டே இல்லை. காது கிழியும் கூத்து. பிறந்து மூன்று மாதமான பிள்ளை வயிற்று வலியில் சாயங்காலமானால் வீறிட்டு அழும். செலஸ்டின் துறைமுகத்தில் ஷிப்டில் இருப்பார். ஒரு வழியாகத் தூங்கவைத்துத் தொட்டிலில் போட்டால் எதிர்த்த மாடியில் டமார் என்று டிரம்ஸ். ஜன்னலை அடித்துச் சாத்துவேன். அப்படியும் பிள்ளை எழுந்துவிடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றோடு கிட்டங்கி மாடிப்படி ஏறினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை. நன்றாகத் திட்டினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்து சாகணுமா நான் என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், டிரம்ஸ் அடிக்கும் குரூஸ் டிரம்முக்கு மேல் குளிக்கிற துண்டை விரித்துப் போட்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். கிட்டாருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். ரெமி காதுக்குள் பேசுகிற மாதிரி பாடினார். அப்படி ஒரு வாரம் பாடிப் பாடி வந்ததுதான் இந்தப் பாட்டு. ஊரே மென்மை மென்மை என்று மெய்மறக்கிறதே, அந்த மென்மை அப்படி வந்தது.

“உறங்கும் நிலவுன்னா அந்தப் பொண்ணுன்னு எல்லாரும் நினைக்காங்க. அது நீதாம்லே. அழுது அழுது ஊதாவாப் போன நிலவு. உன்னை எழுப்பக் கூடாதுன்னுதான் அவங்க அப்படிப் பாடுனாங்க.”



உபதேசியார் விடவில்லை. அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான், நீ என்ன பதில் சொன்னாய் என்றார்.

“ஜன்னலைச் சாத்தல. அதுதான் என் பதிலு. முழுசாத் திறந்தே வச்சிருந்தேன். பிடிச்சிருந்தது, சாமி. அந்தப் பாட்டும் பிடிச்சிருந்தது, பாடுன ஆளையும் பிடிச்சிருந்தது. ஆனா நான் வாக்குக் கொடுத்தது ஒரு மனுஷனுக்குத்தான். அவர் கண்ணை மூடுற வரைக்கும் அதைக் காப்பாத்துனேன். இவரும் அவர் பெண்டாட்டிக்குக் காப்பாத்துனாரு. பிடிச்சது பாவம்னா பாவசங்கீர்த்தனத்துல வந்து சொல்லுதேன். அதுக்காக ஓலையை நிறுத்தாதீங்க.”

 

ஃபாதர் கையைக் கோத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். ரெமி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். பாடுகிறவர்களுக்குச் சட்டென்று அழுகை வந்துவிடும். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, இந்தப் பொம்பளைக்குப் பயமே கிடையாது என்று ஃபாதரிடம் குறை சொன்னார்.

டெரன்ஸ் வெளியே போய்விட்டான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மார்ச் 16, சனி

ஃபாதர் போன் செய்தார். மூன்றாம் ஓலை நாளைக்கு வாசிக்கப்படும். அந்த நேரத்தில் யாராவது எழுந்து தடை சொன்னால் மட்டும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, மேலிடத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

டெரன்ஸுக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

எட்டு மணிப் பூசை. கோயில் நிறைந்திருந்தது. ஓலை கேட்க வந்த கூட்டம்.

டெரன்ஸ் ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் இருந்தான். வழக்கமாகப் பின்னால் நிற்பவன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரொசிட்டா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ராத்திரி முழுக்க எதுவும் பேசவில்லை அத்தை, எனக்கும் தெரியாது என்று காதில் சொன்னாள்.

ஃபாதர் வாசித்தார். ‘மூன்றாம் முறையாக. காலஞ்சென்ற ஐரிஸின் கணவர் ரெமிஜியுஸ் வாஸ், காலஞ்சென்ற செலஸ்டின் மோத்தாவின் மனைவி பெர்பெத்துவா.’ தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லி நிறுத்தினார். சாதாரணமாக நிறுத்துவதைவிடக் கூடுதலாக.

எனக்குள் என்ன புகுந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். ஓலைக்கு யாரும் எழுந்து நிற்பது வழக்கமில்லை. ரொசிட்டா சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. இந்த இரண்டு வாரமும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்களே, பார்க்கிறவர்கள் நேராகவே பார்த்துக்கொள்ளட்டும். சொல்கிறவன் என் முகத்தைப் பார்த்தே சொல்லட்டும்.

ஒரு பக்கம் குழந்தை அழுதது, தாய் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

டெரன்ஸ் எழுந்தான்.

முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கோயில் முழுக்க ஒரு தடவை அவனைப் பார்த்தது, ஒரு தடவை என்னைப் பார்த்தது. ரெமி தலையைக் குனிந்துகொண்டார்.

“டெரன்ஸ், ஏதும் சொல்லணுமா?” என்று ஃபாதர் மைக்கில் கேட்டார். அவர் குரலும் சரியாக இல்லை.

டெரன்ஸ் தொண்டையைச் செருமினான்.

“இல்ல சாமி. எங்கம்மா நிக்காங்க.”

ஃபாதருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. தாளைப் புரட்டி, குருத்தோலை ஞாயிறு பவனிக்குத் தென்னங்குருத்து கொண்டு வருகிறவர்கள் சனிக்கிழமையே தந்துவிட வேண்டும் என்று அடுத்த அறிவிப்பை வாசிக்க ஆரம்பித்தார். நான் அப்படியே நின்றேன். அவனும் நின்றான். இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு, பீடத்தைப் பார்த்தபடி, அவன் அப்பா நிற்பது மாதிரி.

அறிவிப்பெல்லாம் முடிந்தது. நான் உட்கார்ந்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.